தற்செயல் என்ற சொல்

கதை சொல்லிப் பழகியவர்களிடம் சில கைச்சரக்குகள் இருக்கும். பேச்சு தொய்யும்போது எடுத்து வைப்பதற்கு. என்னிடம் இருந்த ஒன்று இரண்டு அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றியது. பல வருஷங்களாக அதைச் சொல்லி வந்திருக்கிறேன். நான் சொன்ன விதத்திலேயே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1939 மே 23. ஸ்க்வாலஸ் என்ற புது நீர்மூழ்கி அமெரிக்காவின் கிழக்குக் கரையில், போர்ட்ஸ்மத்துக்கு வெளியே சோதனை முழுக்குப் போட்டது. மூடியிருக்க வேண்டிய காற்றுவழி ஒன்று திறந்திருந்து தண்ணீர் புகுந்தது. கப்பல் 243 அடி ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. பின்பகுதியில் இருந்தவர்களோடு சேர்த்து 26 பேர் இறந்தார்கள். முன்பகுதியில் 33 பேர் உயிரோடு, குளிரில், இருட்டில் காத்திருந்தார்கள். அவர்கள் மேலே அனுப்பிய மிதவையைக் கண்டுபிடித்தது ஸ்கல்பின் என்ற அதன் சகோதரக் கப்பல். மிதவையோடு ஒரு தொலைபேசி இணைந்திருந்தது. மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் சற்று நேரம் பேசினார்கள். பிறகு கம்பி அறுந்துபோயிற்று. மணி வடிவத்தில் செய்த ஒரு மீட்புக் கூண்டை இறக்கி 33 பேரையும் மேலே கொண்டுவந்தார்கள். கப்பலையும் பின்னால் தூக்கி, பழுது பார்த்து, பெயரை மாற்றி, 1940இல் மறுபடி கடலுக்கு அனுப்பினார்கள்.

1943 நவம்பர் 19. பசிபிக்கில் ட்ரக் தீவுக்கு அருகே ஸ்கல்பின் ஒரு ஜப்பானிய நாசகாரிக் கப்பலிடம் சிக்கி மூழ்கியது. பிழைத்தவர்களில் 41 பேர் கைதிகளாக ட்ரக்குக்குப் போய், அங்கிருந்து இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். 20 பேர் உன்யோ என்ற கப்பலில், 21 பேர் சூயோ என்ற கப்பலில். டிசம்பர் 4 அன்று, புயலுக்கு நடுவே, சூயோவை ஓர் அமெரிக்க நீர்மூழ்கி அடித்து மூழ்கடித்தது. 21 கைதிகளில் 20 பேர் இறந்தார்கள். அடித்த நீர்மூழ்கியின் பெயர் ஸெயில்ஃபிஷ்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். பிறகு, 'ஸ்க்வாலஸுக்கு வைத்த புதுப் பெயர் ஸெயில்ஃபிஷ்' என்பேன்.

கேட்பவர்கள் வாய் திறந்து என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகத்தான் சொல்லி வந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் கூச்சமில்லை. ஆனால் அப்போது நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு இலக்கியக் கொள்கைக்கு ஆதாரம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நம் கதைகளில் தற்செயலாக எதுவும் நடந்துவிட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். தொடர்கதைக்காரர்கள் ரயில் நிலையங்களில் பிரிந்த சகோதரர்களைச் சந்திக்க வைத்து அந்த உத்தியைக் கெடுத்துவிட்டார்கள் என்பதால் வந்த சுளிப்பு அது. வாழ்க்கைக்கோ அந்தக் கூச்சம் கிடையாது; எழுத்தாளன் எழுதத் துணியாததை அது அலட்சியமாகச் செய்துவிட்டுப் போகிறது. இந்த ரீதியில் ஒரு கட்டுரையும் எழுதினேன். அதன் தொடக்கத்தில் இந்த இரு கப்பல்களையும் வைத்தேன்.

கட்டுரையின் மெய்ப்பை எடுத்துக்கொண்டு வந்தவர் நாற்பது வருஷமாக அச்சகங்களில் மெய்ப்பு பார்ப்பவர். அபிப்பிராயம் சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒற்று விட்டுப்போனதையும், முன் பக்கத்தில் ஒரு விதமாகவும் பின் பக்கத்தில் வேறு விதமாகவும் வருகிற பெயர்களையும், கூட்டினால் வராத எண்களையும்தான் காட்டுவார்.

"இந்த இடத்துல கணக்கு இடிக்குதே சார்" என்றார்.

"என்ன இடிக்குது?"

"விமானம் இறங்குற கப்பல்னு போட்டிருக்கீங்க. பெரிய கப்பலாத்தான் இருக்கும். இருபத்தோரு பேர்ல இருபது பேர் செத்தாங்கன்னு இருக்கு. அதுல வேற ஆளுங்க இல்லையா?"

"இருந்திருப்பாங்க. ஜப்பான்காரங்க."

"எத்தனை பேர்னு சொன்னீங்கன்னா சேர்த்துடலாம்."

அவர் குறை சொல்லவில்லை. ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடலாம் என்று நினைத்தார், அவ்வளவுதான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று இரவே தேடினேன். தேடக் கஷ்டப்படவே வேண்டியிருக்கவில்லை. சூயோவில் இறந்தவர்கள் சுமார் 1,250 பேர். அவர்களில் 513 பேர் கப்பல் ஊழியர்கள், 737 பேர் பயணிகள். பத்து மணி நேரத்தில் மூன்று முறை ஸெயில்ஃபிஷ் அந்தக் கப்பலைத் தாக்கியிருக்கிறது. முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவே புயலில், உடைந்த கப்பலில் அத்தனை பேரும் ஓர் இரவைக் கழித்திருக்கிறார்கள். நான் சொன்ன கதையில் அந்த இரவு இல்லை. கதையின் அமைப்புக்கு இரண்டு நீர்மூழ்கிகள் போதும். மூன்றாவது கப்பல் கைதிகளைச் சுமக்கும் பாத்திரமாக வந்து உடைந்தால் போதும். வடிவம் கச்சிதமாக வர வேண்டுமென்றால் எதைக் கழிக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். நாம் பல வருஷமாகப் பரஸ்பரம் சொல்லிக்கொடுத்துவந்தது அதைத்தானே. 1,250 பேரை நான் அப்படித்தான் கழித்திருந்தேன்.

இதோடு விட்டிருந்தால், எண்ணைச் சேர்த்துவிட்டுக் கட்டுரையை அச்சுக்கு அனுப்பியிருப்பேன். ஆனால் தேடியதில் வேறொன்றும் கிடைத்தது. அது என் கொள்கையின் அடிக்கட்டையையே ஆட்டிவிட்டது.

ஸ்கல்பினில் ஜான் க்ராம்வெல் என்ற மூத்த அதிகாரி இருந்தார். ஸ்கல்பின் மூழ்கிய மறுநாள் தராவா தீவின் மீது அமெரிக்கப் படைகள் இறங்கவிருந்தன. அந்தத் திட்டம் அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய ரகசியம் ஒன்றும் தெரியும்: ஜப்பானியக் கடற்படையின் சங்கேதத் தந்திகளை அமெரிக்கர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டால் சித்திரவதையில் அதைச் சொல்லிவிடக்கூடும் என்பதால், மற்றவர்கள் வெளியேறியபோது அவர் வெளியேறவில்லை. கப்பலோடு போனார். அவருடைய மரணத்துக்குப் பின் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதைக் கொடுத்தார்கள்.

அவர் காப்பாற்றிய ரகசியம் காப்பாற்றப்பட்டது. தந்திகளைப் படிப்பது தொடர்ந்தது. ட்ரக்கிலிருந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் புறப்படுகின்றன என்ற செய்தியும் அப்படிப் படிக்கப்பட்டதுதான். அந்தச் செய்தியைப் பெற்ற நீர்மூழ்கிகளில் ஒன்று ஸெயில்ஃபிஷ். அது புயலில் வழி தவறி சூயோவின் மேல் போய் முட்டிக்கொள்ளவில்லை. அங்கே காத்திருக்கச் சொல்லப்பட்டிருந்தது. க்ராம்வெல் எந்த ரகசியத்துக்காக இறந்தாரோ அதே ரகசியம்தான் அவருடைய கப்பலின் ஆட்கள் இருபது பேரையும் கொன்றது.

இதில் தற்செயல் எங்கே இருக்கிறது? ஸ்க்வாலஸைக் கண்டுபிடித்த கப்பல் ஸ்கல்பின் என்பதில் கொஞ்சம் இருக்கலாம். மற்றதெல்லாம் ஏற்பாடு. காரணங்களின் சங்கிலியில் நான் இரண்டு முனைகளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, நடுவில் இருந்ததை இருட்டில் விட்டுவிட்டு, பாருங்கள் எவ்வளவு விசித்திரம் என்று சொல்லியிருக்கிறேன். நமக்குப் பிரியமான 'முரண்' என்ற சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறதோ என்று அன்றுமுதல் எனக்குச் சந்தேகம். முரண் என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துவிடுகிறது. யார் எதைச் செய்தார்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில் விதியைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டுப் போய்விடலாம்.

ஆகவே முதலிலிருந்து படித்தேன்.

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டுச் சில மணி நேரத்துக்குள் அமெரிக்கக் கடற்படையின் தலைமையிலிருந்து ஓர் உத்தரவு போயிற்று. ஜப்பானுக்கு எதிராகக் கட்டுப்பாடற்ற விமான, நீர்மூழ்கிப் போர் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். 1930ஆம் வருஷ லண்டன் ஒப்பந்தத்தில் அமெரிக்காவும் கையெழுத்திட்டிருந்தது. வணிகக் கப்பலை மூழ்கடிப்பதற்கு முன் அதில் உள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டும், இந்த விதி நீர்மூழ்கிகளுக்கும் பொருந்தும் என்றது அந்த ஒப்பந்தம். 1917இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இப்படிக் கட்டுப்பாடில்லாமல் கப்பல்களை மூழ்கடித்தன என்பதே அமெரிக்கா முதல் உலகப் போருக்குள் வந்ததற்கான பெரிய காரணங்களில் ஒன்று. அதே செயல் 24 வருஷம் கழித்து ஒரே பகலில் உத்தரவாகிவிட்டது. போர் முடிந்தபின் நியூரெம்பர்கில் ஜெர்மானிய நீர்மூழ்கிப் படைத்தலைவர் டோனிட்ஸ் விசாரிக்கப்பட்டபோது, அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்துமூலம் பதில் கொடுத்தார்: பசிபிக்கில் தாங்களும் முதல் நாளிலிருந்து அப்படித்தான் போரிட்டதாக. டோனிட்ஸின் தண்டனையை நீர்மூழ்கிப் போர் விதிகளை மீறியதன் பேரில் நிர்ணயிக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உத்தரவு வந்துவிட்டது, ஆனால் ஆயுதம் வேலை செய்யவில்லை. மார்க் 14 என்ற டார்பிடோ குறித்த ஆழத்துக்குச் சுமார் பத்து அடி கீழே ஓடியது. கப்பலின் அடியில் போகும்போது காந்தப் புலத்தை உணர்ந்து வெடிக்க வேண்டிய அமைப்பு, முன்னதாக வெடித்தது அல்லது வெடிக்கவே இல்லை. நேராகப் போய் மோதினாலோ, வெடிக்க வைக்கும் ஊசி அந்த மோதலிலேயே நசுங்கியது. கப்பல் தலைவர்கள் திரும்பி வந்து புகார் சொன்னார்கள். ஆயுதத்தை வடிவமைத்த இலாகா, டார்பிடோ சரியாகத்தான் இருக்கிறது, நீங்கள் குறி தவறுகிறீர்கள் என்றது. 1942 ஜூனில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆல்பனிக்கு அருகே ஒரு மீன்வலையை வாங்கிக் கடலில் தொங்கவிட்டு, அதன் ஊடே டார்பிடோக்களைச் செலுத்தி, வலை எந்த ஆழத்தில் கிழிந்திருக்கிறது என்று அளந்துதான் முதல் குறையை நிரூபிக்க வேண்டியிருந்தது. 1943 ஜூலையில் டினோஸா என்ற நீர்மூழ்கி, ஓடமுடியாமல் நின்றுவிட்ட டோனன் மாரு என்ற பெரிய எண்ணெய்க் கப்பலின் மேல், சோதனைச்சாலையில் செய்வதுபோல் ஒவ்வொன்றாகச் செலுத்திப் பார்த்தது. அடுத்தடுத்து மோதின, வெடிக்கவில்லை. கடைசி டார்பிடோவைச் செலவழிக்காமல் சாட்சியாகத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார் அதன் தலைவர். ஹவாயில் ஒரு தீவின் பாறைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்தபின்தான் ஊசியின் கோளாறு தெரிந்தது. போர் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதைப் படித்தபோது நம்மைப் போன்றவர்களின் ஞாபகம் வராமல் இல்லை. கொள்கை சரியாக இருக்கிறது, படைப்புதான் அதற்குள் வர மறுக்கிறது என்று நாமும் எழுதியிருக்கிறோம். பெரிஸ்கோப்பில் கண் வைத்திருந்தவன் பார்த்ததை மேஜையில் இருந்தவர்கள் நம்பவில்லை என்பதால் என் அனுதாபம் இயல்பாகவே அந்தக் கண்ணின் பக்கம் போயிற்று. ஆனால் அந்தக் கண் என்ன பார்த்தது என்பதையும் கேட்க வேண்டும். கப்பலின் பாய்மரக் கம்பம் எவ்வளவு உயரம், அதிலிருந்து தூரம். முகப்பு எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, அதிலிருந்து திசை. பிறகு வேகம். இந்த எண்களைக் கணிப்புக் கருவியில் கொடுத்தால் டார்பிடோ போக வேண்டிய கோணம் வரும். பார்க்கக் கிடைக்கும் நேரம் சில விநாடிகள். திரும்பி வந்து எழுதும் அறிக்கையில் கணக்கு டன்னில் இருக்கும். கப்பலுக்குள் யார் என்பதைக் கேட்பதற்கு அந்தக் கருவியில் துளை கிடையாது.

குறைகள் திருத்தப்பட்டபின் கணக்கு ஏறியது. போர் முடிந்து கூட்டிப் பார்த்தபோது அமெரிக்க நீர்மூழ்கிகள் 1,300க்கும் மேற்பட்ட கப்பல்களை, சுமார் 53 லட்சம் டன்னை, மூழ்கடித்திருந்தன. கடற்படையின் ஆட்களில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவானவர்கள், ஜப்பான் இழந்த வணிகக் கப்பல் டன்னேஜில் பாதிக்கு மேல் மூழ்கடித்தார்கள். எண்ணெயும் இரும்புத் தாதுவும் அரிசியும் வெளியிலிருந்து வந்தால்தான் வாழ முடியும் என்ற தீவு நாட்டின் கழுத்தைப் பிடித்த கை அது.

அந்தக் கப்பல்களில் யார் இருந்தார்கள்?

1943 ஜனவரி 26 அன்று நியூகினிக்கு வடக்கே வாஹூ என்ற நீர்மூழ்கி பூயோ மாரு என்ற துருப்புக் கப்பலை மூழ்கடித்தது. பிறகு மேலே வந்து படகுகளின் மேலும் தண்ணீரில் இருந்தவர்களின் மேலும் சுட்டது. அவர்கள் அனைவரும் ஜப்பானியச் சிப்பாய்கள் என்று அதன் தலைவர் மார்டன் நினைத்தார். சுட்டதை மறைக்காமல் அறிக்கையில் எழுதினார். யாரும் கண்டிக்கவில்லை, விருதுகள் கொடுத்தார்கள். அந்தக் கப்பலில் 491 இந்தியப் போர்க்கைதிகள் இருந்தார்கள். பதினாறாவது பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்கள். அன்றைய சாவுக்கணக்கு: 195 இந்தியர்கள், 87 ஜப்பானியர்கள். பிரிட்டிஷ் ராஜாவுக்காகப் போரிட்டு, ஜப்பானியரிடம் கைதியாகி, அமெரிக்கர் கையில் செத்த பஞ்சாபிக் குடியானவர்கள். முரண் என்று எழுதக் கை போகிறது.

1944 ஆகஸ்ட் 22. ஒகினாவாவிலிருந்து பள்ளிக் குழந்தைகளைப் பத்திரமான இடத்துக்கு ஏற்றிச் சென்ற ட்ஸுஷிமா மாருவை போஃபின் என்ற நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்தவர்கள் சுமார் 1,500 பேர். அவர்களில் 700க்கும் மேல் குழந்தைகள். பிழைத்தவர்கள் இதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று ஜப்பானிய அதிகாரிகள் வாயை அடைத்தார்கள். போஃபின் இன்று பேர்ல் துறைமுகத்தில் காட்சிப் பொருளாக நிற்கிறது. ட்ஸுஷிமா மாருவின் குழந்தைகளுக்கு நஹா நகரில் 2004இல் ஒரு நினைவகம் திறந்தார்கள். இரண்டுக்கும் நடுவே கடல் கிடக்கிறது.

1944 செப்டம்பர் 12. ஸீலயன், பாம்பனிட்டோ, க்ரோலர் என்ற மூன்று நீர்மூழ்கிகள் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குப் போன ஒரு கப்பல் வரிசையைத் தென்சீனக் கடலில் தாக்கின. ஸீலயன் அடித்த ரக்குயோ மாருவில் 1,318 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள். ஜப்பானியக் காவல் கப்பல்கள் தங்கள் ஆட்களைத் தூக்கிக்கொண்டு, கைதிகளைத் தண்ணீரில் விட்டுப் போயின. மூன்று நாள் கழித்து அந்தப் பக்கம் வந்த பாம்பனிட்டோ, எண்ணெய் படிந்து கருத்த உருவங்கள் மிதப்பதைப் பார்த்தது. அருகே போனபின்தான் அவர்கள் யார் என்று தெரிந்தது. பாம்பனிட்டோ 73 பேரை ஏற்றிக்கொண்டது. ஸீலயன் 54 பேரை. பிறகு வந்த குவீன்ஃபிஷும் பார்பும் 32 பேரை. மொத்தம் 159 பேர். இவர்களில் சிலர் கரை சேரும் முன்பே இறந்தார்கள். ரக்குயோ மாருவில் ஏறியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கடலோடு போனார்கள்.

தூக்கப்பட்டவர்கள் பேசினார்கள். அவர்கள் பர்மா-சயாம் ரயில்பாதை போட்டவர்கள். அந்தக் காட்டில் நடந்ததை நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலம் வெளி உலகத்துக்கு முதல்முதலாக வந்தது இந்த நீர்மூழ்கிகளின் வழியாகத்தான். 1944 நவம்பரில் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் நாடாளுமன்றத்தில் அதை அறிவித்தார்கள். கைதிகளின் பெற்றோருக்கு, மனைவிகளுக்கு, இரண்டரை வருஷ மௌனத்துக்குப் பின் ஒரு செய்தி.

இதை நான் மெய்ப்பு பார்ப்பவரிடம் சொன்னேன். அவர் கேட்ட கணக்கு எங்கே போய் நிற்கிறது என்று சொல்வதற்காகச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பெரியப்பாவும் அந்த லைன்லதான் சார் போனாரு" என்றார். "மலாயாவுல தோட்டத்துல இருந்தாரு. ஆள் எடுத்தப்ப பேரை எழுதிக்கிட்டாங்களாம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அப்பா சாகற வரைக்கும் திவசம் குடுக்கல. செத்துட்டாருன்னு யாரு சொன்னா, எப்படிக் குடுக்கறதுன்னு."

அந்தப் பாதையில் செத்த மேற்கத்தியக் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். காஞ்சனபுரியிலும் தன்பியூஸயாத்திலும் அவர்களுடைய கல்லறைகள் வரிசையாக, பெயரோடு இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் மற்ற ஆசியக் கூலிகளும் அதைப் போலப் பல மடங்கு செத்தார்கள். பெயர் பொறித்த கல் வரிசை அவர்களுக்கு இல்லை. அவர்களை ஜப்பானுக்கு ஏற்றிச் சென்ற கப்பல் இல்லை. ஆகவே கவிழ்ந்து, மிதந்து, தூக்கப்பட்டு, வாக்குமூலம் கொடுத்தவர்களில் அவர்கள் இல்லை. மூழ்கடித்த கப்பலே செய்தியையும் கொண்டுபோனது என்பதில் நான் ஒரு பெரிய முரணைக் கண்டு வியந்துகொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்திருந்தவரின் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை.

இப்படிச் சொல்வதால் நீர்மூழ்கிகளில் போனவர்களை நான் கூண்டில் ஏற்றுவதாகக் கொள்ளக் கூடாது. 52 நீர்மூழ்கிகள் திரும்பவில்லை. சுமார் 3,500 பேர். போர்க்காவலுக்குப் போனவர்களில் ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல். அமெரிக்கப் படைகளில் வேறெந்தப் பிரிவிலும் சாவு விகிதம் இவ்வளவு இல்லை. வாஹூவும் அதே 1943 அக்டோபரில் மார்டனோடும் எல்லா ஆட்களோடும் லா பெரூஸ் ஜலசந்தியில் போயிற்று. 2006இல்தான் அது கிடக்கும் இடத்தை உறுதி செய்தார்கள். அவர்களும் எங்கோ எழுதப்பட்ட உத்தரவுக்கும் எங்கோ செய்யப்பட்ட ஆயுதத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாயில் அடைபட்டவர்கள்.

அவர்களில் ஒருவருக்கு, கருவியில் இல்லாத அந்தத் துளை ஒரு முறை திறந்தது. டாங் என்ற நீர்மூழ்கியின் தலைவர் ரிச்சர்ட் ஓகேன். வாஹூவில் மார்டனுக்கு அடுத்தபடியாக இருந்தவர். 1944 அக்டோபர் 25 அதிகாலை, தைவான் ஜலசந்தியில் ஒரு கப்பல் வரிசையைச் சிதைத்துவிட்டு, தன்னிடம் இருந்த கடைசி டார்பிடோவை டாங் செலுத்தியது. அது வட்டமடித்துத் திரும்பி வந்து டாங்கையே அடித்தது. 87 பேரில் 78 பேர் இறந்தார்கள். ஒன்பது பேரை ஒரு ஜப்பானியக் கப்பல் தூக்கியது. அதன் தளத்தில், டாங் எரித்த கப்பல்களிலிருந்து பிழைத்தவர்கள், உடம்பெல்லாம் தீப்புண்ணோடு இருந்தார்கள். அவர்கள் இந்த ஒன்பது பேரையும் அடித்தார்கள், உதைத்தார்கள். தங்களை அடிப்பவர்கள் தாங்கள் எரித்தவர்கள் என்று தெரிந்தபின், அந்த அடியை முன்போல வெறுப்போடு வாங்க முடியவில்லை என்ற பொருள்பட ஓகேன் பின்னால் சொல்லியிருக்கிறார்.

நான் படித்தவற்றில் இந்த ஓர் இடத்தில்தான் மூழ்கடித்தவனும் மூழ்கடிக்கப்பட்டவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். இதில் கோணமோ தூரமோ டன்னோ இல்லை. இதை யாரும் முரண் என்று சொல்லமாட்டார்கள். ஏனென்றால் இங்கே எந்தக் காரணமும் மறைந்திருக்கவில்லை. தீப்புண் இருக்கிறது, அதை உண்டாக்கியவன் எதிரே நிற்கிறான். அவனுக்கும் தெரிகிறது, இவனுக்கும் தெரிகிறது.

இலக்கியத்தில் தற்செயலுக்கு இடம் உண்டா என்ற விவாதம் எனக்கு இப்போது முக்கியமாகப் படவில்லை. காரணத்தைத் தேடிப் போகிற சிரமத்தை எந்த இடத்தில் விட்டுவிடுகிறோமோ அந்த இடத்துக்கு நாம் வைக்கிற பெயர்தான் பெரும்பாலும் தற்செயல். எழுதுகிறவன் அங்கே நிற்பது வசதி. நின்றுதான் ஆக வேண்டும் என்றாலும், நிற்கிறோம் என்ற பிரக்ஞையாவது இருக்க வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. மெய்ப்பு பார்ப்பவருக்கு இருந்தது. கூட்டல் சரியாக வரவில்லை என்பதைத் தாண்டி அவர் எதுவும் சொல்லவில்லை என்பது உண்மைதான். அதுவே போதுமாக இருந்தது.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ஒரு எண்ணைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார்.

அந்த இரு கப்பல்களின் கதையை இப்போதும் எப்போதாவது சொல்வதுண்டு. சூயோவில் இருந்த 1,250 பேரிலிருந்து தொடங்குகிறேன். பிறகு தந்திகள், க்ராம்வெல், கடைசியில் ஸ்க்வாலஸ். கேட்பவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். வாய் திறந்து பார்ப்பவர் ஒருவரும் இல்லை.